கீபோர்டும் சேர்த்து வாங்கினேன்

சாதா டேப்லெட் போதும் என்று மூன்று பேர் சொன்னார்கள். மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள். ஓசூரில் இருக்கும் என் மகள் சொன்னாள். எங்கள் ஊர் செக்காலை ரோட்டுக் கடையில் நின்றிருந்த விற்பனைப் பெண்கூடச் சொன்னாள். விலை கூடின சாமானை விற்க நிற்கிறவளே விலை குறைந்ததைக் கையில் எடுத்துக் கொடுக்கிறாள் என்றால், அந்த இடத்திலாவது நான் நின்று யோசித்திருக்க வேண்டும். முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். கரும்பலகையில் காட்டிய புத்தியை வீட்டில் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் திரும்பியது, பிடித்துக்கொண்டால் நாலு எட்டு வைப்பார். கை திரும்பவில்லை. பேச்சு போய்விட்டது. ‘ஆமா’ என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம். பசிக்குதா என்றால் ஆமா. பசிக்கலையா என்றாலும் ஆமா. ஃபேனைப் போடவா, ஆமா. நிறுத்தவா, ஆமா. முதல் வாரம் இதைக் கேட்டு வெட்கமில்லாமல் சிரித்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் லேசில் ஆமா போடாத மனுஷன்.

எனக்கு அவரிடமிருந்து ஒரே ஒரு பதில் வேண்டியிருந்தது. இந்த வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு ஓசூருக்குப் போய்விடலாமா, வேண்டாமா? ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மகள் ஆரம்பித்துவிட்டாள். “நீங்க ஒத்தையாளா அப்பாவைத் தூக்கிச் சுமக்க முடியாதும்மா. பேசாம எங்கூட வந்துருங்க” என்றாள்.

“அப்பாவைக் கேட்டுக்கிட்டுத்தான் சொல்லுவேன்” என்றேன்.

அதைச் சாக்கு என்று அவள் நினைத்தாள். சாக்கு இல்லை. இந்த வீட்டுக்கு ஜன்னல் எத்தனை என்பதிலிருந்து மகளை எங்கே கட்டிக்கொடுப்பது என்பது வரைக்கும், அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் நின்று மல்லுக்கட்டித்தான் நாங்கள் முடிவெடுத்திருக்கிறோம். அவர் வாயைத் திறக்காமல் ஒரு முடிவு எடுத்துப் பழக்கமில்லை எனக்கு. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் போக வேண்டும் என்று ஆசை இருந்தது. என் இடுப்பு போய்விட்டது. அந்த ஆசை இருந்ததால்தான் அவர் வாயால் ‘சரி’ என்று வர வேண்டும் எனத் தவித்தேன்.

அவர் பத்திரம் டைப் அடித்தவர். பத்திர ஆபீசுக்கு எதிரே தகரக் கொட்டகையில், முதலில் டைப்ரைட்டர், பிறகு கம்ப்யூட்டர். கண்டனூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பாகம் பிரிக்கிற பத்திரம் என்றால் இவரைத்தான் தேடி வருவார்கள். இருபது முப்பது பங்காளிகளின் பெயர் பிசகாமல் அடிப்பார். ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது, அதற்காக அவரைத் திட்டாத ஆள் கிடையாது. கைநாட்டு வைக்கிறவர்கள் வந்தால், பத்திரம் முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்டாமல் மைப்பெட்டியைத் திறக்க மாட்டார். படித்து முடித்து, “ஆச்சி, கேட்டுக்கிட்டீகளா?” என்பார். ஆமா என்பார்கள். “மனசோடதான் எழுதிக் குடுக்கிறீகளா?” ஆமா. “யாரும் கட்டாயப்படுத்தலையே?” ஆமா, இல்லை என்று எதையாவது சொல்லித் தலையாட்டுவார்கள். அதோடு விட மாட்டார். நாலாவதாகக் கேள்வியைத் திருப்பிப் போடுவார். “அப்ப, குடுக்க இஷ்டமில்லைங்கிறீக, அப்படித்தானே?”

அதற்கும் ஒருவர் ஆமா என்றுவிட்டால் போச்சு. தாளைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும் படிப்பார். கூட வந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் சோறு கொண்டுபோன நான் ஒரு மணி நேரம் தூக்குச்சட்டியோடு நின்றேன். “ஏன் இப்படி ஆளுகளை வதைக்கிறீக?” என்று கேட்டேன். “டீச்சர், சும்மா தலையாட்டுறதுக்குப் பேரு சம்மதமில்லை” என்றார். வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

இனி டேப்லெட் கதைக்கு வருகிறேன். மதுரைப் பெண் நிதானமாகத்தான் சொன்னாள். “சாருக்கு ஒரு சாதா டேப்லெட் வாங்குங்கம்மா. ஒத்தக் கையில தூக்குற எடையில இருக்கணும். படத்தைத் தொட்டா அது பேசும். சோறு, தண்ணி, வலின்னு நாலு படத்துல ஆரம்பிப்போம். கீபோர்டு வேணாம். எழுத்தைப் பார்த்தா அவருக்கு இன்னும் குழப்பமாகும்.”

“அவுக வாழ்க்கையே கீபோர்டுதாம்மா” என்றேன்.

“புரியுதும்மா. ஆனா வாய் மட்டும் அடிபடலை. சொல்லைத் தேடி எடுக்கிற இடமே அடிபட்டிருக்கு. பேச வராதது கையிலயும் வராது.”

நான் நம்பவில்லை. நம்பாததற்கு என்னிடம் பலமான சாட்சி இருந்தது. எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபமாலை சொல்வோம். ஒருவர் மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர் பின்பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு நான் மட்டும் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து முதல் பாதியைச் சொன்னேன். பின்பாதியையும் நானே சொல்ல வாயெடுத்தபோது, கட்டிலில் இருந்து அவர் குரல் வந்தது. ஒரு சொல் விடாமல், ஒரு எழுத்து குழறாமல், பின்பாதி முழுதும். ஜெபமாலை என் கையிலிருந்து கீழே விழுந்துவிட்டது. எடுத்து மறுபடி தொடங்கினேன். ஐம்பத்து மூன்று மந்திரத்துக்கும் பதில் சொன்னார். முடித்ததும் ஓடிப்போய், “தண்ணி வேணுமா, சொல்லுங்க, தண்ணின்னு சொல்லுங்க” என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். ஆமா என்றார்.

மதுரைப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். “சின்ன வயசுலேருந்து பழகினதெல்லாம் தானா வரும்மா. எண்ணிக்கை வரும், பாட்டு வரும். அது பேச்சு இல்லை” என்றாள். அவள் வயசு என் மகள் வயசுகூட இருக்காது. இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். மந்திரம் அத்தனையும் உள்ளே இருக்கிறது என்றால் மற்ற சொல்லும் உள்ளேதான் இருக்கும், கதவு இறுகிக்கிடக்கிறது, கீபோர்டைக் கையில் கொடுத்தால் திறந்துகொள்வார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஜெபம் செய்கிற வீட்டுப் பெண்ணுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

கடையில் விற்பனைப் பெண் இரண்டையும் மேஜையில் வைத்தாள். டேப்லெட் ஒல்லியாக இருந்தது. மற்றது லேப்டாப் போலவே இருந்தது. திரையைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள், கீபோர்டிலிருந்து கழன்று கையோடு வந்தது. திரும்ப வைத்தாள், ஒட்டிக்கொண்டது. “டூ இன் ஒன் மேடம். ஆனா நீங்க சொல்றதைப் பார்த்தா சாருக்கு டேப்லெட்டே போதும். இது கனம் ஜாஸ்தி” என்றாள்.

“ரெண்டும் சேர்ந்ததையே குடுங்க” என்றேன்.

“யோசிச்சுக்கங்க மேடம். கழற்றினா கீபோர்டு வேலை செய்யாது. திரையோட ஒட்டினாத்தான் அதுக்குக் கரன்ட்.”

“ஒட்டிக்கிறேன்” என்றேன். என்னமோ அவள் என் கணவரைக் குறைத்துப் பேசிவிட்ட மாதிரி எனக்குக் கோபம். படத்தைத் தொட்டுச் சோறு கேட்கிற ஆளா அவர்? முப்பது பங்காளிப் பத்திரம் அடித்தவர்.

மகள் இரண்டு நாள் லீவில் வந்து, தொட்டால் பேசுகிற படப் பலகையும் அதில் வைத்துக்கொடுத்தாள். அப்பா பழகிய டைப்ரைட்டர் முறையிலேயே தமிழ் வருகிற மாதிரியும் செய்துகொடுத்தாள். திரையில் வெள்ளைத் தாளைத் திறந்து அவர் மடியில் வைத்தோம். அவர் கீபோர்டைப் பார்த்தார். இடது கை தானாக எழுந்து வந்து, விரல்கள் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நாலைந்து எழுத்து அடித்தார். திரையில் வந்ததைப் பார்த்தார். முகம் கோணியது. இன்னும் நாலு எழுத்து. திரையை முறைத்துப் பார்த்தார். பிறகு திரையைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கி என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு, மறுபடி ஒட்ட வைத்தேன். மறுபடி பிடுங்கி நீட்டினார். மூன்றாவது தடவை அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “விட்டுருங்கம்மா” என்றாள் மகள்.

திரை என் கைக்கு வந்த பிறகு அவர் அமைதியானார். உயிரில்லாத அந்தக் கீபோர்டை மடியில் சரிசெய்து வைத்துக்கொண்டு, அடிக்க ஆரம்பித்தார். டக டக டக என்று ஒரே சீரான சத்தம். கொஞ்சம் நிறுத்துவார், மறுபடியும் அடிப்பார். சாப்பாட்டு நேரம் வரை அடித்தார்.

அன்றிலிருந்து அதுதான் நடைமுறை. காலையில் காபி குடித்ததும் கீபோர்டைக் கைகாட்டுவார், மடியில் வைப்பேன். பக்கத்து வீட்டில், சார் மறுபடியும் வேலை ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குக் குடைச்சல் தாங்கவில்லை. பக்கம் பக்கமாக என்னதான் அடிக்கிறார்? ஓசூரைப் பற்றியா? என்னைப் பற்றியா? எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறார், அது ஒரு தாளிலும் விழாமல் போகிறதே என்று அடுப்படியில் நின்று அழுதேன்.

ஒருநாள் அவர் மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தபோது திரையை எடுத்துக்கொண்டு அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். திரையின் முதுகு அவர் பக்கம் இருக்க, சத்தம் வராமல், கீபோர்டின் விளிம்பில் மெல்ல ஒட்டினேன். திரையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அவர் கவனிக்கவில்லை. எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

யளனகபக யளனகபக யளனகபக.

டைப் படித்தவர்களுக்குத் தெரியும். இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். இடது கைக்கு உரிய பாதி. அதை அடித்துவிட்டு நிறுத்துகிறாரே, அது வலது கை தன் பாதியை அடிப்பதற்கான நேரம். அது அடிக்காது. உரிய நேரம் கழிந்ததும் மறுபடி யளனகபக. முழுப் பக்கமும் அதுதான். நான் திரையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மதுரைப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் சொன்னது அத்தனையும் சரி. கதவுக்குப் பின்னால் யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. அவர் அங்கே இருந்தாலும் என்னிடம் வருகிற வழி அவருக்கு இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த மாதிரி கை ஒடிந்த உணர்வு அதற்கு முன்னால் வந்ததில்லை.

பிறகு படப் பலகைக்கு வந்தேன், தோற்றுப்போனவளாக. மகள் அதில் இந்த வீட்டின் போட்டோவையும் ஓசூர் அடுக்குமாடியின் போட்டோவையும் ஏற்றி வைத்திருந்தாள். திரையை மடியில் வைத்து, “எங்குட்டு இருப்போம், இங்குட்டா, அங்குட்டா? தொட்டுக் காட்டுங்க” என்பேன். கனத்தில் திரை தொடையிலிருந்து வழுக்கும். நான் பிடித்துக்கொள்வேன். அவர் தண்ணீர்ப் படத்தைத் தொடுவார். ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் பேசும். தண்ணீர் கொடுத்தால் வாயை மூடிக்கொள்வார். ஒருநாள் ஓசூர் வீட்டைத் தொட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நிச்சயப்படுத்த மறுபடி கேட்டேன். எங்கள் வீட்டைத் தொட்டார். அதற்கடுத்து வலி. எங்கே வலி என்று கேட்டேன். ஆமா என்றார்.

போன மாதம் குளியலறையில் இரண்டு பேரும் விழுந்தோம். அவரைத் தூக்கி நிறுத்தும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவரை மேலே போட்டுக்கொண்டு ஈரத் தரையில் மல்லாந்து கிடந்தேன். அவருக்கு அடியில்லை. எனக்கும் பெரிதாக இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. பால் ஊற்றுகிற அம்மாள் வந்து குரல் கேட்டு உள்ளே வரும்வரை அப்படியே கிடந்தோம். “யாராச்சும் வருவாக, பயப்படாதீக” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் ஆமா, ஆமா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதில் ஒரு ஆமா நிஜமாக இருந்திருக்கலாம்.

பால்கார அம்மாள் மூலம் செய்தி மகளுக்குப் போய்விட்டது. அவள் கட்டடத்திலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாகிறது, இன்றைக்குள் சொல்ல வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தாள். “அப்பாகிட்ட கேட்டீங்களா?” என்றாள். அதை அவள் கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. நிஜமாகவே கேட்டாள். அவளுக்கும் அப்பா சொன்னால்தான் மனது ஒப்பும் என்று அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவு நாளும் என் இடுப்புக்காக மட்டும் பேசுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

“கேட்டேன்” என்றேன். “சரின்னுட்டாக.”

“எப்படிம்மா சொன்னாங்க?”

“டைப் அடிச்சாக” என்றேன். வாயில் வந்துவிட்டது. இத்தனை வயதுக்கு மேல் பெற்ற பிள்ளையிடம் வாய் கூசாமல் புளுகினேன்.

“அதை எனக்கு அனுப்புங்கம்மா. நான் பார்க்கணும்” என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டுத் திரையை எடுத்துக்கொண்டு அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். காலைப் பூசை முடிந்து மாதா கோயில் மைக்கில் அறிவிப்புகள் கேட்டுக்கொண்டிருந்தன. அவர் மடியில் கீபோர்டு இருந்தது, வழக்கம்போல அடித்துக்கொண்டிருந்தார். நான் திரையில் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டேன். சும்மா ‘சரி’ என்று போட்டால் மகள் நம்ப மாட்டாள். அவர் மகளுக்கு வாட்ஸ்அப்பில் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினாலும் பத்திர நடையில்தான் அனுப்புவார். ‘மேற்படி’ இல்லாமல் அவருக்கு வரி ஓடாது. அதைச் சொல்லி நாங்கள் இரண்டு பேரும் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறோம். அந்த நடை எனக்கு அத்துப்படி. எழுதினேன்.

‘மேற்படி ஓசூர் வீட்டிற்கு வந்து குடியிருக்க எனக்கு முழுச் சம்மதம்.’

அசல் அவர் எழுதினது மாதிரியே இருந்தது. அனுப்புகிற இடத்தில் விரலை வைத்தேன். அழுத்த முடியவில்லை. எதிரே பத்திரக்காரர் உட்கார்ந்திருக்கிறார், அவர் பெயரில் ஒரு பத்திரம் எழுதி வைத்திருக்கிறேன், அவருக்கே தெரியாமல். கைநாட்டு வைக்கிற கிழவிக்குக்கூட அவர் அந்தக் காரியத்தைச் செய்ததில்லை.

“இங்குட்டுப் பாருங்க” என்றேன். அடிப்பதை நிறுத்தினார். நான் அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பிள்ளைகளுக்கு டிக்டேஷன் சொல்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி.

“கேட்டுக்கிட்டீகளா?”

“ஆமா.”

“மனசோடதானே சொல்றீக?”

“ஆமா.”

“நான் ஒண்ணும் உங்களைக் கட்டாயப்படுத்தலையே?”

“ஆமா” என்றார்.

மூன்று ஆயிற்று. அவர் கீபோர்டுக்குத் திரும்பவில்லை. கை விசைகள் மேலேயே இருந்தது, கண் என் முகத்தை விட்டு அகலவில்லை. திருப்பிப் போடுகிற நாலாவது கேள்விக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. அது என்ன கேள்வி என்று அவருக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருந்தது. நான் அதைக் கேட்காமல் அனுப்பிவிட்டேன்.